ஓடாத வண்டியின் பால் ஜாயிண்ட்

காரைக்குடிப் பக்கம் பழைய கார் பார்க்கப் போனால், விற்பவர் கதவைத் திறந்து முதலில் காட்டுவது கிலோமீட்டரைத்தான். "பாருங்க தம்பி, இத்தனை வருஷத்துல முப்பதாயிரம் தாண்டல." பெரும்பாலும் பொய்யாகவும் இருக்காது. பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், கோனாபட்டு என்று எந்த ஊருக்குப் போனாலும் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள். பின்பக்கம் ஒரு கார் கொட்டகை. அதற்குள் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), முன்னோருக்குப் படைப்பு என்று ஏதாவது வந்தால் புது பேட்டரி போட்டு, டயருக்குக் காற்றடித்து வண்டியை வெளியே எடுப்பார்கள். விசேஷம் முடிந்ததும் மறுபடி தார்ப்பாய்.

இப்படி நின்ற வண்டியைப் புது வண்டிக்குச் சமம் என்று நம்பி வாங்குகிறோம். என்ஜினைப் பற்றி அப்படிச் சொன்னால் ஓரளவு ஒப்புக்கொள்வேன். முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பால் ஜாயிண்டைப் பற்றிச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓடித் தேய்ந்த பால் ஜாயிண்டை விட, நின்றே கெட்டுப்போன பால் ஜாயிண்டைத்தான் நான் இந்தப் பக்கத்தில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காரணம் ரப்பர். பால் ஜாயிண்ட் என்பது ஒரு தண்டின் முனையில் இருக்கும் எஃகுக் குண்டு. அது ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்பும். குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றி கிரீஸ். குண்டின் மேற்பரப்பைக் கடினப்படுத்தி, தீட்டி, மெருகேற்றியிருப்பார்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த நம் ஊர் வீட்டுச் சுவரைத் தடவியவர்களுக்கு அந்த வழவழப்பைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. இத்தனையையும் வெளியுலகத்திலிருந்து காப்பது தண்டின் கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் ஒரு மெல்லிய ரப்பர் மூடி மட்டும்தான், பூட் என்பார்கள். அது இருக்கும் வரை உள்ளே போட்ட கிரீஸ் உள்ளேயே இருக்கும். அதில் நூலளவு விரிசல் விட்டாலும் ஜாயிண்டின் ஆயுள் அன்றிலிருந்து இறங்குமுகம்தான்.

ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. வெயிலும் காற்றும்தான் அதற்கு வயது. காற்றில் இருக்கும் ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத் தேடிப் பிடித்து வெடிக்க வைக்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக ஒடித்தபடி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால், பூட்டின் ஒரு பக்கம் அத்தனை நாளும் இழுபட்டே நிற்கும். கொட்டகையின் ஒடுக்கமான வாசலுக்குள் வளைத்து நுழைத்த காரை யாரும் மறுபடி ஏறி, சக்கரத்தை நேராக்கி நிறுத்துவதில்லை. தினமும் ஓடுகிற வண்டியில் குண்டு அசைந்துகொண்டே இருப்பதால் கிரீஸ் பரவி, குண்டின் மேல் ஒரு படலம் நிற்கும். நிற்கிற வண்டியில் அதுவும் இல்லை. விரிசல் வழியாக ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே போகும். குண்டு துருப்பிடிக்கும். துரு என்றால் மேலே படியும் சிவப்புப் பொடி மட்டும் இல்லை. மெருகேற்றிய பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் விழும். அடுத்த கல்யாணத்துக்கு வண்டியை வெளியே எடுக்கும்போது அந்தச் சொரசொரப்பான குண்டு பிளாஸ்டிக் உறையை அரமாக நின்று அராவும். கூடவே நம் ஊர்ச் செம்மண் தூசியும் சேரும். செம்புறாங்கல் பூமி இது. சாலையோரச் சரளைப் பொடி கிரீஸோடு கலந்தால் அது கிரீஸாக இருக்காது, தேய்க்கும் பசையாக மாறிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துரு எப்படிப் பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்று ஆராயும் நாட்டின் பெரிய ஆய்வகம் இருப்பது இதே ஊரில்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். உள்ளூர்க்காரர்களுக்கு 'செக்ரி'. மண்டபம் கடற்கரையில் உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்கிறது என்று பார்க்கவும் அவர்களுக்கு ஒரு கிளை இருக்கிறது. அந்த மதில் சுவரை ஒட்டித் தினமும் எத்தனை துருப்பிடித்த பால் ஜாயிண்டுகள் 'கடக்' என்று சொல்லிக்கொண்டே போகின்றனவோ!

என் வண்டி மாருதி 800. பள்ளத்தூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நின்றது. "எங்க அப்பச்சி ஆசையா வாங்கின வண்டி தம்பி, நல்லா வச்சுக்கிருவீங்கன்னுதான் தர்றேன்" என்று சொல்லிக் கொடுத்தார் அந்த அண்ணன். 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை தயாரான கார் என்பதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. மூன்று சிலிண்டர், 796 சிசி, கையடக்கமான வண்டி. என்ஜின் நன்றாக இருந்தது. ஏசி மட்டும் பேருக்கு இருந்தது.

வாங்கிக் கொஞ்ச நாளிலேயே முன்பக்கம் சத்தம். வேகமாகப் போகும்போது இல்லை. பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் இல்லை. கானாடுகாத்தான் தெருக்களில் இரண்டாவது கியரில் மெதுவாக உருட்டும்போது, சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மட்டும் இடதுபக்கம் 'கடக் கடக்'. ரிவர்ஸ் எடுத்து பிரேக் மிதித்தால் ஒரே ஒரு 'டொக்'. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைச் சுற்றினால் பழைய மரக்கதவின் கிறீச்சல். விசித்திரம் என்னவென்றால், ஒரு மழையில் ஓட்டி வந்தால் அந்தக் கிறீச்சல் மட்டும் காணாமல் போகும். வெயில் அடித்ததும் திரும்பி வரும். காய்ந்துபோன ஜாயிண்டுக்குள் தண்ணீர் போய்த் தற்காலிக எண்ணெய் வேலை பார்த்திருக்கிறது. மழையில் தானாகச் சரியாகி வெயிலில் திரும்பும் கிறீச்சல் உங்கள் வண்டியில் இருந்தால், பூட் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதலில் காட்டிய பட்டறையில் வண்டியை உள்ளே ஓட்டி வருவதைக் கேட்டதுமே முடிவு சொல்லிவிட்டார்கள். "ஸ்டெபிலைசர் புஷ் சார்." வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் அது. மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. "அப்ப ஷாக் அப்சார்பர்தான், ரெண்டு பக்கமும் மாத்தணும்." ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. முன்பக்கத்தை அமுக்கிவிட்டால் ஒரு தடவை எழும்பி நின்றுவிடுகிறது. அதை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "மாத்திப் பார்த்தாத்தான் சார் தெரியும்" என்றார்கள். அதோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதில் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. காதால் சாமானைக் கண்டுபிடிக்கும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றிப் போனது. அதற்கு ஒரு மரியாதையும் உண்டு. சத்தத்தை வைத்தே என்ஜின் வால்வின் இடைவெளியை, டேப்பட் கிளியரன்ஸை, சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் சஸ்பென்ஷன் சத்தம் காதை ஏமாற்றும். இரும்புத் தகட்டு உடல் முழுக்க ஓடி, கிளம்பிய இடத்தை விட்டு வேறு இடத்தில் கேட்கும். இடது சக்கரத்துச் சத்தம் டாஷ்போர்டுக்குள் கேட்கும். புஷ், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் ராக் எண்ட், பிரேக் பேட், பால் ஜாயிண்ட் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே 'கடக்' போடும். காது ஒரு சந்தேகத்தைக் கிளப்பினால் போதும். தீர்ப்புச் சொல்ல வேண்டியது கையும் கண்ணும்.

அப்புறம் செக்காலைப் பக்கம் வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் போனேன். அவர் சத்தத்தைக் கேட்கவே இல்லை. "ஓட்டிக் காட்டட்டுமாண்ணே?" என்றதற்கு, "வேணாம் தம்பி, தூக்கிப் பாப்போம்" என்று ஜாக்கியை எடுத்தார். அங்கேயே எனக்குப் பாதி நிம்மதி.

பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கினார். சக்கரத்தின் மேலும் கீழும், கடிகாரத்தில் பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடத்தில், இரண்டு கைகளால் பிடித்து உள்ளே வெளியே ஆட்டினார். லேசாக ஓர் ஆட்டம். "இது பேரிங்காவும் இருக்கலாம், ஜாயிண்டாவும் இருக்கலாம். உள்ள ஏறி பிரேக்கை மிதிங்க." மிதித்தேன். மறுபடி ஆட்டினார். ஆட்டம் அப்படியே இருந்தது. பிரேக் மிதித்தால் டிஸ்க்கும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளும் ஒன்றாகக் கவ்விக்கொள்ளும். வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அப்போது மறைந்துவிடும். மறையாவிட்டால் கோளாறு நக்கிளுக்கு அப்பால், பால் ஜாயிண்டிலோ ஸ்ட்ரட் மவுண்டிலோ இருக்கிறது. பைசா செலவில்லாத சோதனை, கூட ஓர் ஆள் இருந்தால் போதும். இதைச் செய்யாமல் பேரிங்கைக் கழற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து ஒன்பது, மூன்று மணி இடங்களில் பிடித்து ஆட்டினார். அதில் ஆட்டம் வந்தால் ராக் எண்டோ ஸ்டீயரிங் ராக்கோ. வரவில்லை. கடைசியாக ஒரு நீள லீவரை, நக்கிளை வண்டியின் உடலோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கொடுத்து நெம்பினார். என்னைக் கூப்பிட்டு, "கையை இங்க வைங்க" என்றார். ஜாயிண்டின் மேல் விரலை வைத்தேன். அவர் நெம்பும் ஒவ்வொரு தடவையும் தண்டு கிண்ணத்துக்குள் மேலும் கீழுமாக நகர்ந்து, விரல் நுனியில் ஒரு சின்ன 'டிக்'. கண்ணுக்கும் தெரிந்தது. இந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா' என்ற பேச்சுக்கு இடமில்லை.

பூட்டை விரலால் ஒதுக்கிக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் இருந்தது. மடிப்புக்குள் அரை வட்டத்துக்கு வெடித்திருந்தது. அமுக்கியதும் அந்த வெடிப்பிலிருந்து காபித்தூள் டிக்காஷன் நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்து அவர் கட்டைவிரலில் வழிந்தது. கிரீஸ் என்று சொல்ல எதுவும் இல்லை. விரலைத் தேய்த்தால் நறநறவென்று மணல். "நின்ன வண்டிதானே?" என்றார். நான் அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நல்ல ஜாயிண்டைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் சொல்லிவிடுகிறார்கள். பால் ஜாயிண்டைச் சோதிக்கும்போது அதன் மேல் பாரம் இருக்கக் கூடாது. பாரம் இருந்தால் குண்டு கிண்ணத்தின் ஒரு பக்கமாக அழுந்தி உட்கார்ந்திருக்கும். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கையால் ஆட்டினால் அசையாது. வண்டியின் பாரம் எந்த ஜாயிண்ட் வழியாக இறங்குகிறது என்பது சஸ்பென்ஷன் அமைப்பைப் பொறுத்தது.

மாருதி 800-ல் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும். வண்டியின் பாரம் மேல் மவுண்ட் வழியாக ஸ்பிரிங்கில் இறங்கி நேராக நக்கிளுக்குப் போய்விடும். கீழே இருக்கும் பால் ஜாயிண்ட் பாரத்தைச் சுமப்பதில்லை. சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே வெளியே, முன்னே பின்னே போகாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதனால் உடலைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, லீவரால் நெம்பிப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். பெரிய பள்ளத்தில் சத்தம் வராமல், மெதுவாகப் போகும்போதும் ரிவர்ஸில் பிரேக் அடிக்கும்போதும் ஏன் வந்தது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. பிரேக் அடிக்கும் திசை மாறும்போது குண்டு கிண்ணத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தாவுகிறது. அந்தத் தாவல்தான் 'டொக்'.

பழைய கான்டெஸா கார் மாதிரி இரட்டை விஷ்போன் வண்டிகளில் கதையே வேறு. மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும். பாரம் முழுக்கக் கீழ்ப் பால் ஜாயிண்ட் வழியாகத்தான் போகிறது. உடலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால், தொங்கும் ஆர்மை ஸ்பிரிங் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், ஜாயிண்ட் இறுகியே நிற்கும். அதில் ஆட்டிப் பார்த்து "ஜாயிண்ட் நல்லாயிருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், முடிந்தவரை சக்கரத்தை ஒட்டி வைத்துத் தூக்க வேண்டும். ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே நிற்கும், ஜாயிண்டின் மேல் பாரம் இருக்காது. அப்போது டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தால் தேய்மானம் எவ்வளவு என்று தெரியும். பிரீமியர் பத்மினி காலத்து கார்களில் பால் ஜாயிண்டுக்குப் பதிலாக இருந்த கிங் பின்னுக்குப் பழகிய கைகள் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை. அதில் கிரீஸ் ஏற்றும் வாயாக நிப்பிள் இருந்தது, கிரீஸ் கன் வைத்து அடித்தால் பழைய கிரீஸைத் தள்ளிக்கொண்டு புதுசு வந்தது. 800-ன் பால் ஜாயிண்டில் நிப்பிள் கிடையாது. ஆயுளுக்கும் அடைத்து வைத்த கிரீஸ். அந்த ஆயுள் ரப்பர் பூட்டின் ஆயுள்தான்.

பால் ஜாயிண்ட் கழன்றே போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: சக்கரத்தின் அடிப்பக்கம் பிடிப்பில்லாமல் வெளியே பிதுங்கும், வண்டி ஒரு பக்கமாகத் தரையில் இறங்கும், டிரைவ் ஷாஃப்ட் பிடுங்கிக்கொள்ளும். ஓரமாக இழுத்து ஒடித்துத் திருப்பும்போது நடந்தால் பம்பரும் அவமானமும்தான் சேதம். திருமயம் ரோட்டில் எண்பதில் போகும்போது நடந்தால் என்ன என்று எழுத எனக்கு விருப்பமில்லை. சத்தம் வந்த நாளிலிருந்து கழன்று விழும் நாள் வரை எவ்வளவு காலம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் இதில் மோசமான சங்கதி.

சரி, மாற்றும் வேலைக்கு வருவோம்.

சாமான் வாங்குவதற்கு முன்னால் ஒரு பெரியவர், பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், "எதுக்குத் தம்பி புதுசு? லேத்துல குடுத்தா குண்டை டைட்டு பண்ணிக் குடுப்பான்" என்றார். இந்த வேலை இங்கே நடக்கிறது. கிண்ணத்தின் அடியைச் சூடாக்கி அமுக்குவார்கள், அல்லது உள்ளே ஏதாவது துண்டைத் திணித்து மூடுவார்கள். கையில் வாங்கும்போது கெட்டியாக இருக்கும். குழி விழுந்த குண்டு குழி விழுந்தே இருக்கும். சூடு காட்டியதில் எஃகின் கடினமும் போயிருக்கும். கிரைண்டருக்கும் ஏற்ற இறைவைக்கும் லேத்து வேலை தெய்வ வேலை. பால் ஜாயிண்டை லேத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வேப்பமரத்தடி அண்ணன் பெரியவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "ஆர்மாவே வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

என் வண்டியில் பால் ஜாயிண்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வரும். தனியாகப் பிரிக்காமல் ஆர்மையே மாற்றச் சொல்வதுதான் சுசுகி வண்டிகளின் வழக்கம். ஆர்மோடு வாங்கினால் உள்பக்கப் புஷ்ஷும் புதிதாகவே வந்துவிடும். நின்ற வண்டியில் அந்த ரப்பரும் இதே வயசுதானே. வாங்கும்போது கடையிலேயே பூட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். உள்ளே கிரீஸ் அமுங்குவது தெரிய வேண்டும். தண்டைப் பிடித்துத் திருப்பினால் ஒரே சீராக, கொஞ்சம் இறுக்கமாக நகர வேண்டும். லொடலொடவென்று ஆடினாலும் ஆகாது, ஓரிடத்தில் தடங்கினாலும் ஆகாது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வலது பக்கத்தையும் சேர்த்து வாங்கினேன். அந்தப் பக்கம் ஆட்டம் இன்னும் வரவில்லை, ஆனால் பூட்டின் மடிப்பில் வெடிப்பு தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே கொட்டகையில்தானே நின்றன.

கழற்றும் வேலையில் சண்டை போட்டது ஒரே ஒரு போல்ட். நக்கிளின் அடியில் பிளந்த காது ஒன்று இருக்கும். பால் ஜாயிண்டின் தண்டு அதற்குள் நுழைந்து நிற்க, குறுக்கே ஒரு போல்ட் அந்தக் காதை இறுக்கிப் பிடிக்கும். தண்டின் கழுத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகும். அதனால் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுக்க வெளியே எடுத்தால்தான் தண்டு இறங்கும். இது தெரியாமல் பாதி கழற்றிய போல்ட்டோடு சுத்தியலால் அடித்து நக்கிளைக் கெடுப்பவர்கள் உண்டு. முந்தின நாள் சாயங்காலமே துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிட்டிருந்தார். காலையில் மறுபடி. ரிங் ஸ்பானரைப் போட்டுக் கொஞ்சம் இறுக்கும் திசையில், பிறகு கழற்றும் திசையில் என்று மாற்றி மாற்றி அசைத்தார். 'டக்' என்று விட்டதும் நான் போல்ட் ஒடிந்துவிட்டது என்று நினைத்தேன். "விட்டுருச்சு" என்று சிரித்தார். போல்ட்டின் நடுவில், காதுகளுக்கு உள்ளே இருந்த பாகம் மட்டும் துருவால் இளைத்து இடுப்புப் போட்டிருந்தது. அதை மறுபடி போட அவர் ஒப்புக்கொள்ளவில்லை. புதுப் போல்ட், புது நட்.

ஸ்டெபிலைசர் பாரை விடுவிப்பதற்கு முன் இரண்டு முன்சக்கரங்களையும் தூக்கியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். நட்டைக் கழற்றியதும் முறுக்கு விடுபட்டுக் கையில் அடிக்கும். 800-ல் இந்தப் பாரின் முனை ஆர்முக்குள் நுழைந்து நட்டும் ஸ்ப்ளிட் பின்னுமாக நிற்கும். வண்டி சாய்வதைத் தடுப்பதோடு சக்கரம் முன்னே பின்னே போகாமல் பிடிப்பதும் இதுதான். வாஷர்கள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு தர்க்கம் வராது. உள்பக்கப் போல்ட்டையும் எடுத்தபின், காதின் பிளவில் உளியை லேசாக வைத்துத் தட்டி ஆர்மைக் கீழே நெம்பினால் தண்டு வந்துவிடும். அந்த நேரத்தில் நக்கிளை வெளியே இழுத்துவிடக் கூடாது. டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் கழன்றுகொண்டால் இந்த வேலை வேறு வேலையாகிவிடும். பட்டறைப் பையன் நக்கிளை ஒரு கயிற்றால் ஸ்ட்ரட்டோடு கட்டிவைத்தான். சொல்லிக்கொடுக்காமலே செய்தான்.

பழைய ஆர்மைக் கையில் வாங்கித் தண்டை ஆட்டிப் பார்த்தேன். சுண்டுவிரலால் தள்ளினாலே ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. பூட்டை அறுத்துக் குண்டைப் புரட்டிப் பார்த்தால், பிளாஸ்டிக் உறைக்குள் அழுந்தியிருந்த அடிப்பாதி பளபளவென்று இருந்தது. மேல்பாதி, தண்ணீர் தங்கிய மட்டத்துக்குக் கோடு போட்ட மாதிரி, சிவந்து குழி குழியாக. வண்டி எத்தனை மழைக்காலம் அசையாமல் நின்றது என்று அந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

புது ஆர்மைப் பொருத்துவதில் பெரும்பாலான பட்டறைகள் விடும் ஒரு தப்பு உண்டு. உள்பக்கப் புஷ் போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போதே முழுக்க இறுக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஆர்ம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அதே நிலையில் ரப்பர் புஷ்ஷைக் கவ்விப் பிடித்துவிட்டு வண்டியை இறக்கினால், ஆர்ம் மேலே ஏறும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி சும்மா நின்றால்கூடப் புஷ் முறுக்கியபடியே நிற்கும். சீக்கிரமே கிழிந்து, மறுபடி 'கடக்'. போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டு, சக்கரத்தின் மேல் வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இடமில்லாமல் அடியில் படுத்துக்கொண்டு செய்கிற வேலை. அண்ணன் முனகிக்கொண்டே செய்தார். ஸ்ப்ளிட் பின் புதுசு. பழையதை நிமிர்த்தி மறுபடி மடக்கும் சிக்கனம் இந்த இடத்துக்கு வேண்டாம். இறுக்கும் அளவைச் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து டார்க் ரெஞ்சில் வைத்தார். அது அவரிடம் இருந்ததே எனக்கு ஆச்சரியம்தான்.

அன்று மத்தியானமே அலைன்மென்ட் பார்த்தோம். ஆர்ம் மாறினால் சக்கரத்தின் கோணம் ஒரு நூல் மாறத்தான் செய்யும். பன்னிரண்டு அங்குலச் சின்ன டயர், தப்பான கோணத்தில் ஓடினால் ஓரம் மட்டும் மழுங்கிவிடும். பார்த்தபோது இடது டயரின் உள் ஓரம் ஏற்கெனவே மழுங்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அதைப் பின்பக்கம் மாற்றிப் போட்டோம்.

இந்த வேலைக்குப் பிறகு உறவில் ஒரு மாமா கண்டனூரில் ஒரு கான்டெஸா பார்த்து வைத்திருக்கிறார், வந்து பார் என்று கூப்பிட்டார். கிலோமீட்டர் குறைவு, பெயிண்ட் அப்படியே இருக்கிறது, ஒரே கை வண்டி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கொட்டகையில் முன்சக்கரம் இரண்டும் வலது பக்கம் ஒடித்தபடி நின்றன. டயரில் தட்டையான தழும்பு. டார்ச்சை வாங்கிக்கொண்டு அடியில் படுத்தேன். இந்த வண்டிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு பால் ஜாயிண்ட். நாலு பூட்டில் மூன்று வெடித்திருந்தன. நாலாவது இருந்த இடத்தில் ரப்பரே இல்லை.

"என்னப்பா, எப்படி?" என்றார் மாமா.

"வண்டி நல்ல வண்டி மாமா. விலையில நாலு ஜாயிண்டு, கூலி, அலைன்மென்ட் எல்லாத்தையும் கழிச்சுக் கேளுங்க. ஜாயிண்டு கிடைக்குதான்னு இன்னைக்கே விசாரிச்சுட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க. ஓட்டிக்கிட்டு வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க, ஏத்திக்கிட்டுத்தான் வரணும்."

விற்பவர் குனிந்து என்னைப் பார்த்து, "ஓடாத வண்டிக்கு எப்படித் தம்பி ஜாயிண்டு போகும்?" என்றார். நான் அவரையும் அடியில் கூப்பிட்டு டார்ச்சைக் கையில் கொடுத்தேன்.